ஆற்றை அளந்த புமாயா

எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த வருடம் குல்பியாவில் யாரும் யாரையும் நம்பவில்லை. சந்தைக்குப் போனவன் ஒரு மணி நேரம் தாமதமாகத் திரும்பினால், அக்கரைக்காரர்களிடம் எதை உளறிவிட்டு வருகிறான் என்று கேட்டார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் சைக்கிளில் புது விளக்கு மாட்டினால், அதை யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார்கள். நான் அங்கே வட்டார மன்ற எழுத்தர். என் பையை நடுத்தெருவில் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுபேச்சு இல்லாமல் திறந்து காட்டியிருக்கிறேன்.

அந்த வருடத்துச் சந்தேகம் எல்லாம் கடைசியில் ஒரே ஒரு ஆள்மேல் போய் இறங்கியது. அவள் பெயர் புமாயா. என் பெரியப்பா மகன் அபுகாரியின் மனைவி. எனக்கு அண்ணி முறை.

அவள் வேலை ஆற்றை அளப்பது. ஆற்றுக்குள் ஓர் இரும்புத் தூண், அதில் கறுப்புக் கோடும் எண்ணும் போட்ட வெள்ளைப் பலகை. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை பார்த்து, நீரளவைத் துறை கொடுத்த நீளப் புத்தகத்தில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துறை அதிகாரி வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு புதுப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போவார். முதலில் இது அபுகாரியின் வேலை. அவன் காலில் நரம்புச் சிலந்திப் புண் வந்து நடக்க முடியாமல் போனபோது அவள் போக ஆரம்பித்தாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து எண்களை அபுகாரி மண்ணில் விரலால் எழுதிக் காட்டி, அவள் கற்றுக்கொண்டாள். கையெழுத்துக்குப் பதில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பெருவிரல் ரேகை வைப்பாள். அபுகாரி இறந்த பிறகு துறை அவளையே அந்த வேலையில் வைத்துக்கொண்டது.

ஊர் அவளை எப்போதுமே ஒரு மாதிரித்தான் பார்த்தது. மீன் பிடிக்கிறவர்கள், தங்கள் வலையை எண்ணி எழுதுகிறாள், வரி வரப்போகிறது என்றார்கள். தண்ணீர் எடுக்க வரும் பெண்கள், யார் எத்தனை குடம் எடுக்கிறார்கள் என்று எழுதுகிறாளோ என்று பயந்தார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மாவு மில்லில் சோளத்தைக் கொட்டினால் கடைசித் துகள் விழுகிறவரை புனலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அளவுப் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்திருப்பாள். நான் ஒரு தடவை அந்தப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

"சும்மாதான் அண்ணி."

"சும்மா பாக்கணும்னா ஆத்தப் போய்ப் பாரு தம்பி. அது திறந்துதான் கிடக்கு."

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளம் வந்த வருடம் வரை ஆறு எங்கள் ஊருக்கு மேற்கே ஒன்றரை மைல் தள்ளி ஓடியது. வெள்ளத்தில் அது பாதை மாறி, ஊருக்குப் பக்கத்திலேயே புதுப் பள்ளம் வெட்டிக்கொண்டது. அளவுத் தூணையும் துறை பிறகு அங்கே மாற்றி நட்டது. பழைய பள்ளத்துக்கும் புதுப் பள்ளத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நிலத்தை நாங்கள் நடுத்திட்டு என்போம். ஊரின் நல்ல வயல்களில் பாதி அங்கேதான். நாற்பது வீடு, எண்ணெய்க் கொட்டை தரும் ஷியா மரத் தோப்பு, கைப்பம்பு, மூன்று வகுப்பறைப் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே. ஓடத்தில் போய் வந்தோமே தவிர அது எங்கள் ஊர் இல்லை என்று யாரும் நினைத்ததில்லை.

பதினைந்து வருடம் கழித்து மாவட்டம் பிரிந்தது. மேற்கே சன்புலி என்று புது மாவட்டம். எங்களுக்கும் அவர்களுக்கும் எல்லை, பழங்காலத்திலிருந்து சொல்லிவருவதுபோல, ஆறுதான். எந்த ஆறு? சன்புலிக்காரர்கள் இப்போது ஓடுகிற ஆறு என்றார்கள். அப்படியானால் நடுத்திட்டு அவர்களுக்கு. நாங்கள் பழைய பள்ளம் என்றோம்.

எல்லைக் குழு அனுப்பிய அறிவிப்பை ஊர்த் தலைவர் குல்பியா நா முன்னால் நான்தான் படித்துச் சொன்னேன். தலைவரை நா என்று அழைப்பது எங்கள் வழக்கம். ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரேயடியாகப் பாதை மாறியிருந்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். இதுதான் அதன் சாரம்.

"ஒரே நாள்ல தாவுச்சு. நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் நா.

எங்கள் ஊரில் முந்நூறு பேர் அதைப் பார்த்தவர்கள். ஆனால் மெதுவாகத்தான் நகர்ந்தது என்று சத்தியம் செய்ய சன்புலிப் பக்கம் நானூறு பேர் தயாராக இருந்தார்கள். இரண்டு பக்கத்து வாயையும் நம்பப்போவதில்லை, காகிதம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று குழு சொல்லிவிட்டது.

இந்த நேரத்தில்தான் புமாயா மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். காலில் ரப்பர் பூட்ஸ் வேறு. அந்த வாரம் துறை அதிகாரி வந்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய வண்டி வழியில் பழுதாகி, வேறொரு பிக்கப்பில் ஏறி வந்திருந்தார். அந்தப் பிக்கப்பின் கதவில் சன்புலி மாவட்டத்தின் பெயர் எழுதியிருந்தது. மீன் காயவைத்துக்கொண்டிருந்த நாலு பேர் பார்த்தார்கள். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் மன்ற உறுப்பினர் நெய்ந்தோ ஓடியாடி வேலை செய்கிற ஆள், பேச்சாளி. ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவன். அந்த நல்லதைத் தான்தான் செய்ததாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தவன். மறுநாளே நா வீட்டு வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டான். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தான். சன்புலிக்காரர்கள் குழுவிடம் கொடுத்த ஆதாரத்தின் நகல். நீரளவைத் துறைப் புத்தகத்தில் ஒரு பக்கம்.

புமாயா வந்து எல்லாரையும்போல நாவின் முன் குந்தி வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். நெய்ந்தோ ஆரம்பித்தான்.

"அந்தக் கோட்டு யார் குடுத்தது?"

"துறையில."

"துறை எந்த வண்டியில வந்துச்சு? கதவுல என்ன எழுதியிருந்துச்சு?"

"எனக்கு எழுத்துத் தெரியாது. எண்ணுதான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "இத்தன வருஷமா தெனம் எழுதுறா, எழுத்துத் தெரியாதாம்! நான் மீனே திங்குறதில்லன்னு கொக்கு சொல்லுமாம்" என்றான்.

நா கையை உயர்த்தினார். "நீ பயப்படாம சொல்லும்மா. அவங்ககிட்ட புத்தகம் குடுத்தியா?"

"குடுத்தேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா குடுக்குறதுதானே. அது என் வேலை."

நெய்ந்தோ காகிதத்தை விரித்தான். "வெள்ளத்து வருஷம், செப்டம்பர் மாசம். நீ அளந்த அளவு. ஆறு மீட்டர் நாப்பத்திரண்டு. மறுநாள் ஆறு இருபத்தேழு. அதுக்கு மறுநாள் ஆறு பன்னண்டு. இப்படியே இருபத்தஞ்சு நாள் ஆறு மெல்ல மெல்ல எறங்குது. பழைய ஆறு மெதுவாத்தான் வத்துச்சுன்னு இத வெச்சுத்தான் அவங்க சொல்றாங்க. ஒரே நாள்ல தாவுன ஆத்த நீ இப்படி எழுதியிருக்க. ஏன்?"

புமாயாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயத்தில் மாறிய முகம் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

"அது என் எண்ணு இல்ல" என்றாள்.

"பின்ன யாரு எண்ணு? ஆத்துல நிக்கிறது நீ மட்டுந்தானே?"

அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருக்க இருக்கக் கூட்டத்துக்குக் கோபம் ஏறியது.

கூட்டக் குறிப்பு எழுதியது நான். "சன்புலி மாவட்ட வண்டியில் வந்தவரிடம் புத்தகத்தைக் கொடுத்ததையும் மழைக்கோட்டு பெற்றுக்கொண்டதையும் புமாயா ஒப்புக்கொண்டார், அளவைப் பற்றிக் கேட்டதற்கு விளக்கம் தர மறுத்துவிட்டார்" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். சேர்த்துப் படித்தால் அவள் சொன்னது அதில் இல்லை. எனக்கு அது எழுதும்போதே தெரிந்தது. நெய்ந்தோ படித்துப் பார்த்து என் தோளைத் தட்டினான். அவளை வேலையிலிருந்து நீக்கக் கோரும் மனுவோடு அது துறைக்குப் போனது.

அதன்பிறகு ஊர் அவளிடமிருந்து ஒதுங்கிக்கொண்டது. அவள் சோளக் கூடையோடு வந்தால் மில்காரன் எஞ்சின் கெட்டுவிட்டது என்பான். அவள் தெருமுனை திரும்பியதும் எஞ்சின் ஓடும். கைப்பம்படியில் அவள் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றுவிடும். குழம்பில் போடும் தாவதாவா உருண்டை செய்து விற்பாள், ஊரிலேயே அவளுடையதுதான் நல்ல மணம். தொடர்ந்து ஆறு சந்தை நாட்கள் அதே உருண்டைகளைக் கொண்டுபோய் அதே உருண்டைகளோடு திரும்பினாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆற்றில் இருந்த அளவுப் பலகைமேல் யாரோ தாரைப் பூசியிருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சாம்பலும் மணலும் வைத்துத் தேய்த்தாள். எண்கள் வெளியே தெரிய மதியம் ஆயிற்று. கரையில் நின்ற யாரும் இறங்கி உதவவில்லை.

அவளைக் கண்காணிக்கும்படி நெய்ந்தோ என்னிடம் சொன்னான். "உங்க வீட்டுப் பொம்பள. நீ பின்னால போனா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க." நானும் ஒத்துக்கொண்டேன். நாலு நாள் மாலையில் ஆற்றோரப் புதரில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வந்தாள், பலகையைப் பார்த்தாள், எழுதினாள், போனாள். ஐந்தாம் நாள் எழுதி முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"தம்பி, அந்தப் புதர்ல கடியெறும்பு இருக்கு. இங்க வந்து நின்னு பாரு."

வெட்கத்தோடு எழுந்து போனேன். அவள் பலகையைக் காட்டி, "எவ்வளவு?" என்றாள்.

"நாலு மீட்டர் பதினெட்டு."

"அலை அடிக்கிறப்பப் பாத்துட்டுச் சொல்ற. அது அடங்கட்டும்."

கொஞ்ச நேரம் நின்றேன். "நாலு பதினாறு."

"அதான். நின்னு பாத்தாத்தான் தெரியும்." புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நடந்தவள் நின்றாள். "அந்த விசாரணை எந்த ஊர்ல? என்னிக்கு?"

"பிம்பாங்ல. வர்ற புதன்கிழமை" என்றேன். சொன்ன பிறகுதான், இதை ஏன் கேட்கிறாள் என்று உறைத்தது.

நெய்ந்தோவிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவன் துள்ளி எழுந்தான். "பாத்தியா! அவங்க பக்கம் சாட்சி சொல்லப் போறா. கோட்டு சும்மாவா குடுத்தான்?" அன்றைக்கே லாரிக்காரனிடம் போய், புதன்கிழமை அவளை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

புதன்கிழமை காலை நா, நெய்ந்தோ, நான், இன்னும் இருபது பேர் லாரியில் கிளம்பினோம். புமாயா சாலையோரம் நின்று கை காட்டினாள். லாரி நிற்கவில்லை. புழுதிக்குள் அவள் உருவம் மறைந்தது. முடிந்தது கதை என்று நெய்ந்தோ சொன்னான்.

பிம்பாங் மன்ற அரங்கில் நாங்கள் ஒரு பக்கம், சன்புலிக்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். குழுத் தலைவர் எல்பாலா அம்மையார் ஓய்வுபெற்ற நீதிபதி, தூரத்து மாகாணத்துக்காரர். எங்கள் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். விசாரணை தொடங்கி அரை மணி நேரம் இருக்கும், வெளியே ஒரு லாரிச் சத்தம். சன்புலிச் சந்தை லாரி. அதிலிருந்து மஞ்சள் மழைக்கோட்டு இறங்கியது.

பிறகுதான் தெரிந்தது, அவள் எங்கள் லாரி போனதும் ஓடத்தில் நடுத்திட்டுக்குப் போய், அதைக் குறுக்கே நடந்து கடந்து, வற்றிக் கிடந்த பழைய பள்ளத்தில் இறங்கி ஏறி, சன்புலிப் பக்கத்துச் சாலையில் நின்று அவர்கள் லாரியில் ஏறியிருக்கிறாள். அவளை அங்கே யாருக்கும் தெரியாது, அதனால் ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு நாங்கள் பார்த்தது, எதிரி லாரியில், எதிரி ஆட்களோடு, எதிரி கொடுத்த கோட்டில் அவள் வந்து இறங்கியதைத்தான். எங்கள் வரிசையில் ஒருத்தர் காறித் துப்பினார். நா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எங்கள் பக்கமும் வராமல், அவர்கள் பக்கமும் போகாமல், வாசல் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

சன்புலி வக்கீல் துறையின் பழைய புத்தகத்தை மேசைமேல் வைத்தார். சாட்சிக்கு அக்பேகோ என்ற வயதானவரைக் கூப்பிட்டார். வெள்ளத்து வருடத்தில் எங்கள் பகுதிக்குத் துறை அதிகாரியாக இருந்தவர். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. தினம் பதினைந்து சென்டிமீட்டர் வீதம் ஆறு இருபத்தைந்து நாள் இறங்கியதாகவும், ஆகவே பழைய பள்ளம் படிப்படியாகத்தான் வற்றியது என்றும் நிதானமாகச் சொன்னார். நெய்ந்தோ எழுந்து ஏதேதோ கத்தினான். ஊரே பார்த்தது, கடவுள் பார்த்தார் என்றான். எல்பாலா அம்மையார் அவனை உட்காரச் சொன்னார்.

அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"ஏணிப்படி மாதிரியா ஆறு எறங்கும்?"

எல்லாரும் திரும்பினோம். புமாயா எழுந்து நின்றாள்.

"யார் நீங்க?" என்றார் அம்மையார்.

"அந்த அளவ எடுத்தவ. அந்தப் பக்கத்துல மூலையப் பாருங்கம்மா. என் பெருவிரல் இருக்கா?"

அம்மையார் புத்தகத்தைப் புரட்டினார். முன் பக்கத்தில் ரேகை இருந்தது. பின் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் இல்லை. இன்னும் உற்றுப் பார்த்தார். "எண்களும் வேற கையெழுத்து மாதிரி இருக்கே" என்றார் மெதுவாக.

"வைக்கச் சொன்னாரு. நான் வைக்க மாட்டேன்னுட்டேன்." அக்பேகோவைக் கையால் காட்டினாள். "வெள்ளம் வடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இவரு வந்தாரு. நான் எழுதினதப் பாத்தாரு. காலையில ஆறு மீட்டர் நாப்பத்திரண்டு, சாயங்காலம் ரெண்டு மீட்டர் தொண்ணூறு. 'ஒரே பகல்ல ரெண்டாள் ஒசரம் தண்ணி எறங்குமா? நீ வெள்ளத்துக்குப் பயந்து ஓடிப்போய்ட்டு அப்புறமா இட்டுக்கட்டி எழுதியிருக்க'ன்னு திட்டினாரு. ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு பக்கத்தக் கிழிச்சுப் போட்டாரு. அவரே உக்காந்து வேற தாள்ல எழுதி அந்த எடத்துல ஒட்டினாரு. கிழிச்சத நான் பொறுக்கி வெச்சுக்கிட்டேன்."

"கிழிச்ச பக்கம் எங்கே?"

மழைக்கோட்டின் உள்ளே கைவிட்டுப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தாளை எடுத்தாள். அதை வாங்கிவர ஊழியர் ஒருவர் எழுந்து போனார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது என் கைய விட்டுப் போகாது. புத்தகத்த இங்க கொண்டு வாங்க."

ஊழியர் அதட்டினார். அம்மையார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். புமாயா தாளின் இரண்டு முனைகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த கிழிசலோடு சேர்த்து வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஓரம் பல்லுக்குப் பல் பொருந்தியது. தாளில் அவளுடைய கோணல் எண்கள், மூலையில் ரேகை. அவற்றின் குறுக்கே சிவப்பு மையில் பெரிய கோடு. பக்கத்தில் "நம்பத் தகுந்தது அல்ல, திருத்தி எழுதுக" என்ற குறிப்பும் ஒரு கையெழுத்தும் தேதியும்.

அம்மையார் அக்பேகோ பக்கம் திரும்பினார். "இது யார் கையெழுத்து?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். சன்புலி வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்பேகோ கையால் தடுத்தார்.

"என்னோடதுதான். அன்னிக்கு எனக்கு நம்பிக்கை வரல. ஒரு பொம்பள, எழுத்துத் தெரியாதவ, வெள்ளத்துல நின்னு பாத்திருப்பான்னு நான் நினைக்கல." புமாயாவைப் பார்த்தார். "நீ அந்த சாயங்காலம் நெசமாவே போனியாம்மா?"

"போனேன். மத்தியானம் பெரிய சத்தம் கேட்டு ஊரே மேட்டுக்கு ஓடுச்சு. புதுத் தண்ணி ஊருக்கும் திட்டுக்கும் நடுவுல பாஞ்சுட்டிருந்துச்சு. நான் அப்ப திட்டுப் பக்கம் விறகுக்குப் போயிருந்தேன், அங்கயே மாட்டிக்கிட்டேன். ஆறு மணிக்குப் பழைய ஆத்துக்குப் போய் பாத்தேன். பலகை பாதிக்கு மேல வெளிய நின்னுச்சு. மீனெல்லாம் சேத்துல துடிச்சுக்கிட்டிருந்துச்சு. நானே நம்பல. மூணு தடவ பாத்துட்டுத்தான் எழுதினேன்."

எங்கள் ஊர்க்காரர்கள் அடங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எல்லை பழைய பள்ளம். நடுத்திட்டு எங்கள் மாவட்டத்திலேயே நின்றது. நெய்ந்தோ பறைகள் கொட்ட ஊர்வலம் விட்டான், அடுத்த தேர்தலிலும் ஜெயித்தான். அவள்மீது கொடுத்த மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டோம்.

ஊர் அவள் வீட்டுக்குப் படையெடுத்தது. மில்காரன் ஒரு மூட்டைச் சோளத்தைத் தானே அரைத்துத் தூக்கிவந்தான். சேனைக்கிழங்கு, கோலாக் கொட்டை, கால் கட்டிய கினிக்கோழிகள் என்று முற்றம் நிறைந்தது. அவள் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கண்ணையும் காலையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"என்ன எழுதணும்னு கொண்டு வந்திருக்கீங்க?"

கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குள் உண்மையிலேயே அப்படித்தான் ஆனது. வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பிகள் தனித்தனியாக வந்து, எங்கள் நிலத்தைப் பற்றியும் ஏதாவது பக்கம் வைத்திருக்கிறாயா என்று கேட்டார்கள். பெட்டியில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று கைப்பம்படியில் புதுப் பேச்சு கிளம்பியது. முன்னே காட்டிக்கொடுப்பவள் என்று பயந்தார்கள். இப்போது எல்லாம் தெரிந்தவள் என்று பயந்தார்கள். "நான் தண்ணியத்தான் எழுதினேன்" என்று அவள் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போக மூன்று வாரம் ஆயிற்று. முற்றத்தில் தாவதாவா இடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

"கூட்டத்துலயே அந்தப் பக்கத்தக் காட்டியிருக்கலாமே அண்ணி. இவ்வளவு பாடு பட்டிருக்க வேணாமே" என்றேன்.

"யாருகிட்ட காட்டுறது? நெய்ந்தோகிட்டயா? பிடுங்கிட்டுப் போயிருப்பான், அப்புறம் அது எங்க கிடக்கோ. நாகிட்ட குடுத்திருந்தா அவர் எழுத்தருகிட்ட குடுத்திருப்பாரு. எழுத்தரு யாரு?"

உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் 'என் எண்ணு இல்ல'ன்னு சொன்னேனே. அத எழுதினியா தம்பி?"

"இல்ல."

"ஏன்?"

"எல்லாரும் ஒண்ணு நினைச்சாங்க. நானும் அதையே நினைச்சேன். அதுக்குப் பொருந்துற மாதிரி எழுதிட்டேன்."

"அந்தக் கண்ணாடிக்காரரும் அப்படித்தான் எழுதினாரு. அவராவது எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு இடிக்கத் தொடங்கினாள்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து நின்று அந்தப் பழைய குறிப்பை உரக்கப் படித்தேன். எது அவள் சொன்னது, எது நான் கோத்தது என்று பிரித்துச் சொன்னேன். நா தலையைக் குனிந்துகொண்டார். நெய்ந்தோ இருமினான். கூட்டம் முடிந்ததும் அவளை ஊர்க் குழுவில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று நா சொன்னார், கை தூக்கினார்கள்.

அவள் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் குறிப்பை அங்கேயே படிக்க வேண்டும். படித்தால் மட்டும் போதாது. எழுதியவர் படித்த பிறகு, எழுதாத இன்னொருத்தர் அதையே மறுபடி படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் ரேகை வைப்பாள்.

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. நான் படிக்கிறேன். அவள் கண்ணை மூடிக் கேட்கிறாள். பிறகு பள்ளிக்கூட ஆசிரியரைக் கூப்பிட்டு, நான் எழுதிய தாளை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுக்கிறாள். கூட்டம் முடிய ஒரு மணி நேரம் கூடுதலாகிறது, ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். போன மாதம் ஆசிரியர் பாதியில் நிறுத்தி, "இதுல அடிச்சு எழுதியிருக்கே" என்றார். எழுத்துப் பிழையைத்தான் திருத்தியிருந்தேன். அப்படித்தான் அவளிடம் சொன்னேன்.

"மொதல்ல என்ன இருந்துச்சு, அதையும் படிங்க" என்றாள் அண்ணி.